பதினொரு மணிக்குப் பிறகு வந்தவர்கள்

அந்த அக்கா உள்ளே வருகிறவர்களைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார். வெளியே போகிறவர்களைத்தான் பார்ப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தின் இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டைத் தாண்டப் போனால், "பாத்தாச்சா?" என்பார். ஆச்சு என்று சொன்னால் தலையை ஆட்டி அனுப்பிவிடுவார். இல்லை என்று சொன்னால் எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த ஆள் டாக்டரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போவது கஷ்டம்.

அவரை அங்கே யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் துப்புரவுப் பணியாளர், காண்ட்ராக்டில் வந்தவர். காலை ஆறரைக்கு வந்து பினாயில் போட்டுத் தரை துடைத்து, கட்டுப் போடும் அறையின் வாளிகளைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு அவராகவே கேட்டுக்கு வந்துவிடுவார். வாட்ச்மேன் என்று தனியாக யாரும் கிடையாது. டாக்டர் முதல் மருந்து வாங்க வரும் கிழவர்கள் வரை எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படித்தான். அவருடைய பெயர் எனக்குத் தெரியவந்தபோது அவர் அங்கே இல்லை.

நான் ஓசூரில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். சுற்றுவட்டாரத்துக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று கம்பெனி நினைத்தபோது, வாரத்தில் இரண்டு நாள் இந்தச் சுகாதார நிலையத்துக்குப் போய் நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். தொழிற்சாலையில் செய்வதைத்தான் அங்கேயும் செய்ய வேண்டும். எங்கே தேங்குகிறது என்று அளக்க வேண்டும், சின்னதாக ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும், திரும்ப அளக்க வேண்டும்.

முதல் நாள் டாக்டரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்பினேன். கேட்டில் அக்கா மறித்தார்.

"பாத்தாச்சா?"

"நான் பேஷன்ட் இல்லம்மா."

"அது தெரியுது சார். வந்த வேலை ஆச்சானு கேட்டேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆச்சு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். உண்மையில் ஆகவில்லை. நோயாளிகளின் பழைய வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்க மறந்திருந்தேன். தொரப்பள்ளி தாண்டியதும்தான் நினைவு வந்தது.

அக்காவுக்குப் பிறந்த வீடு எல்லைக்கு அந்தப் பக்கம். அங்கே ஏழாவது வரை கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தார். வீட்டில் தெலுங்கு. கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்த பிறகு தமிழ் பேசப் பழகிக்கொண்டார். கம்பெனிகளுக்கு வேலைக்கு வரும் வடக்கத்திக்காரர்களுக்காக இந்தியில் நாலு வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். ஒரு நாள் பீகார்க் கணவன் மனைவி இரண்டு பேர் காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்கள். அக்கா எழுந்து போய், தன் வழக்கமான கேள்வியை இந்தியில், "டாக்டர் தேகா?" என்றார். அவர்கள் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். ஒரு சொல்லும் அவருக்குப் புரிந்திருக்காது. குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்து நேரே டாக்டரின் அறைக்குக் கூட்டிப் போனார். சீட்டு வாங்கும் இடத்தில் ஆதார் கேட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் சீட்டு கிடையாது என்று நினைத்து அவர்கள் திரும்பியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. நான் அன்றைக்கு நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். 'வரிசை மீறல், ஒன்று' என்று என் தாளில் குறித்தேன்.

இன்னொரு நாள் சானமாவுப் பக்கம் யானைகள் சாலையோரம் நின்றதால் பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பன்னிரண்டரை மணிக்கு அக்கா துடைப்பத்தோடு டாக்டர் அறை வாசலில் போய் நின்றார்.

"மேடம், பஸ் இன்னும் வரல. எழுந்துடாதீங்க."

"எப்போ வரும்க்கா?"

"அது யானையைத்தான் கேக்கணும்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். பெங்களூரில் படித்தவர். அன்றைக்கு நாற்காலியை விட்டு எழாமல் டப்பாவில் இருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே காத்திருந்தார். பஸ் ஒன்றே முக்காலுக்கு வந்தது. பதினாறு பேர் இறங்கினார்கள். எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அந்தப் பதினாறு பேரால் என்னுடைய அந்த வாரச் சராசரி கெட்டுப் போனது.

நான் செய்தது எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன். மாதா மாதம் சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மட்டும் வருகிறவர்களுக்குத் தனி வரிசை வைத்தோம். பிரஷர் பார்க்கும் மேசையை வாசலுக்குக் கொண்டுவந்தோம். சீட்டு எழுதும் இடத்தில் ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டோம். இதிலேயே காத்திருக்கும் நேரம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நான் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்த அளவுக்குக் குறையவில்லை. தாள்களைப் புரட்டிப் பார்த்தேன். பதினொரு மணிக்கு மேல் சீட்டு வாங்கியவர்கள்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிந்திருக்கும், மருந்து கொடுப்பவர் சாப்பிடப் போயிருப்பார். அவர்களை மட்டும் எடுத்துவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். சராசரி அழகாக இறங்கியது.

அவசரம் தவிர மற்றவர்களுக்குப் பதினொரு மணியோடு ஓ.பி. சீட்டு நிறுத்தப்படும் என்று எழுதி ஒட்டினோம். டாக்டருக்கு அரை மனசுதான். "ஒரு மாசம் பாப்போம் சார். என்ன ஆகுதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். சரி என்றேன்.

மறுநாளே அக்கா என் மேசைக்கு வந்தார்.

"சார், பதினொன்னுக்கு மூடிட்டா பூந்தோட்டத்துக்காரங்க என்ன பண்ணுவாங்க?"

எங்கள் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகளில் ரோஜா வளர்க்கிறார்கள். விடிவதற்கு முன்பே பெண்கள் உள்ளே போய்ப் பூ வெட்ட வேண்டும். நீளம் பார்த்துக் கட்டி, பெட்டியில் வைத்து வண்டி ஏற்றிவிட்டு வெளியே வரப் பதினொன்றாகிவிடும். அதற்குப் பிறகுதான் அவர்களால் ஆஸ்பத்திரிக்கு வர முடியும். இதையெல்லாம் அக்கா சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"அவங்க ஒரு நாள் லீவு போட்டுட்டுக் காலைல வரட்டும்க்கா."

"லீவு போட்டா அடுத்த நாளு வேற ஆளு நிக்கும் சார் அங்க."

"எத்தனை பேர் அப்படித் திரும்பிப் போறாங்க? பொத்தாம்பொதுவா சொல்லக் கூடாது. டேட்டா வேணும்."

"அப்டின்னா?"

"எழுதிக் கொண்டு வாங்க. யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தாங்க, எத்தனை மணிக்கு வந்தாங்க. பாப்போம்."

அவரை அனுப்பி வைப்பதற்காகச் சொன்னேன். அவர் அதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துக் கொண்டுவந்தார். மாத்திரைப் பெட்டி அட்டைகளைப் பிரித்து, உள்பக்க வெள்ளையில் பால்பாயின்ட் பேனாவால் நெருக்கி எழுதியிருந்தார். ஐந்தாறு அட்டைகள் இருக்கும். எல்லாம் உருண்டை உருண்டையான எழுத்துகள்.

"இது கன்னடமாச்சேக்கா."

"எனக்கு அந்த எழுத்துதான் சார் வரும். படிச்சுக் காட்டவா?"

"அப்புறம் பாக்கலாம்" என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன்.

கம்பெனியில் ஒரு நாள் உற்பத்தியைப் பார்க்கும்போது, நல்லதாக வந்த உருப்படிகளை யாரும் முதலில் எண்ண மாட்டோம். ஒதுக்கித் தள்ளியதைத்தான் எண்ணுவோம். எந்த இடத்தில், எதனால் என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்போம். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே நான்தான். அந்த அட்டைகளை வாங்கியபோது இது என் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. அதனால்தான் அவற்றை மேசை மேலே வைக்காமல் உள்ளே வைத்து மூடினேன்.

அக்கா அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறை நான் போகும்போதும் என் முகத்தைப் பார்ப்பார்.

அந்த மாதக் கடைசியில், எந்தச் சுகாதார நிலையம் நன்றாக முன்னேறியிருக்கிறது என்று பார்க்க ஒரு குழு வந்தது. சுவரில் ஒட்டிய வரைபடத்தைக் காட்டினேன். கோடு கீழே இறங்கி ஒரே மட்டத்தில் நின்றிருந்தது. அவர்களுக்குத் திருப்தி. கிளம்பும்போது அவர்களில் வயதான ஒருவர் கேட்டில் நின்று அக்காவிடம் கேட்டார்.

"என்னம்மா, இப்பல்லாம் சீக்கிரம் பாத்து அனுப்பிடறாங்களா?"

"உள்ள வந்தவங்களுக்கு நல்லா இருக்குது சார்."

"அப்படின்னா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நான் சிரித்துக்கொண்டு, "கிளீனிங் ஸ்டாஃப் சார். அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்றேன். பெரியவர் காரில் ஏறினார். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மதியம் காண்ட்ராக்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "கேட்ல வேற யாரையாவது போடுங்க. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பேசிக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை, வேறு ஊருக்கு மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரு காண்ட்ராக்ட் சூப்பர்வைசருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும் என்று தெரியாத வயதில் நான் இல்லை.

அடுத்த வாரம் அக்கா என் மேசைக்கு வந்தார். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறோர் இடத்துக்குப் போட்டுவிட்டார்களாம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், ஆறரைக்குள் போய்ச் சேர முடியாது, பார்க்கலாம் என்றார். போகிறவர் போகாமல் நின்றார்.

"அந்த அட்டையில மூணு தரம் ஒரே பேரு வரும் சார். ரத்னம்மானு. பூந்தோட்டத்துல வேலை. கால்ல கம்பி குத்தி ஆற மாட்டேங்குது. சக்கரை இருக்குது. காலு அவசரம் இல்லேனு சொல்லி அனுப்பிக்கினே இருக்காங்க. அவ வந்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க."

"சரிக்கா" என்றேன்.

சரி என்று சொன்னது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை ஒரு தரம்கூட நினைத்ததாக நினைவில்லை. எங்கள் நிலையத்துக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். கம்பெனி நோட்டீஸ் போர்டில் என் படம் வந்தது. வீட்டில் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் காலை, முப்பத்தைந்து நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தியை வரிசையில் பார்த்தேன். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வலது காலில் கட்டு. கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். கட்டு மாற்ற இங்கே வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா இவ்வளவு முத்த விட்டுட்டு வந்தீங்க? முன்னாடியே இங்க வந்திருக்கலாமே?"

"வந்தேன் மேடம். நாலு தரம் வந்தேன். சீட்டு முடிஞ்சி போச்சுனாங்க. அந்த அக்காகூட பேரு எழுதிக்கினாங்களே. கடைசியா வந்தப்ப அவுங்களும் இல்ல."

நான் அறைக்குள்ளேதான் இருந்தேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"என்ன எழுதினாங்க?"

இழுப்பறையிலிருந்து அட்டைகளை எடுத்துவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்வது? ரத்னம்மாவுக்குக் கட்டு மாற்றி அனுப்பிவிட்டு டாக்டர் அவற்றைப் பிரித்தார். வாய்விட்டு, தமிழாக்கிப் படித்தார்.

"முனியம்மா, பிரஷர் மாத்திரை, பதினொன்னரை. ரத்னம்மா, கால் புண், பதினொன்னே கால். பேர் தெரியாது, இந்திக்காரங்க, குழந்தைக்கு வயித்தால போகுது. ஒருத்தர் பேர் கேக்கறதுக்குள்ள போயிட்டார், நீலச் சட்டை, இருமல், ரொம்ப நாளா இருக்கற மாதிரி இருக்கு. ரத்னம்மா, கால் புண், வீக்கம். சாந்தி, மூணு மாசம் முழுகாம இருக்கா, தலை சுத்தல்..."

மூன்றாவது அட்டையில் நிறுத்தினார். "ரத்னம்மா, கால் புண், நாத்தம் வருது" என்று மெதுவாகப் படித்து அட்டையைக் கீழே வைத்தார்.

"எப்போ குடுத்தாங்க இதை?"

"ரெண்டு, மூணு மாசம் இருக்கும் மேடம்."

"எங்கிட்ட ஏன் சார் காட்டல?"

"கன்னடத்துல இருந்துது மேடம்."

"எனக்குத் தெரியுமே."

தெரியும்தான். பாதி நோயாளிகளோடு அவர் கன்னடத்தில் பேசுவதை நான் போகும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் எழுந்தார். வெளியே போய் அந்த நோட்டீஸை அவரே கிழித்தார்.

பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். பதினொன்றரைக்கு இரண்டாவது முறை சீட்டு எழுத ஆரம்பித்தோம். மருந்து கொடுப்பவரின் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளினோம். ரத்தப் பரிசோதனை மேசை ஒரு மணி வரை திறந்திருந்தது. கேட்டில் ஒரு பதிவேடு வைத்து, பார்க்காமல் திரும்பிப் போகிறவர்களின் பெயரையும் காரணத்தையும் எழுதினோம். வாரா வாரம் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். பூந்தோட்டத்துப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். நீலச் சட்டைக்காரரைத் தேடினோம். கிடைக்கவில்லை.

அக்கா தேன்கனிக்கோட்டைக்குப் போகவேயில்லை, வேலையை விட்டுவிட்டார் என்று சூப்பர்வைசர் சொன்னார். ஓசூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் ஒரு மாதம் போகவில்லை. ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நின்றிருந்தன. அக்கா முந்தானையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன.

"என்னா சார், இவ்ளோ தூரம்?"

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வேறு வந்தது.

"டாக்டரம்மா உங்களைப் பாத்துட்டு வரச் சொன்னாங்கக்கா. திரும்ப வேலைக்கு வர்றீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அவுங்க போன வாரமே போன் பண்ணாங்களே சார். ரத்னம்மா சேதியும் சொன்னாங்க. நான் வரலேனுட்டேன்."

"ஏன்க்கா?"

"இங்க பரவால்ல சார். ஏழுக்கு உள்ள வந்தா மூணுக்கு வெளிய. யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம்."

அவருடைய பஸ் ஹாரன் அடித்தது. ஏறப் போனவர் நின்று, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"கேட்ல வேற ஆளு போடச் சொன்னது நீங்கதான்னு சூப்பர்வைசர் எங்கிட்ட சொன்னாரு. டாக்டரம்மாகிட்ட அதை நான் சொல்லல. நீங்க பயப்பட வேணாம்."

அவர் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே என் கவலையைத் தீர்க்கத்தான் சொன்னார். அந்த நிமிடம் எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வரிசை மாறியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை எனக்கு வந்திருக்காது.

இப்போது பக்கத்து மாவட்டங்களிலிருந்தெல்லாம் எங்கள் முறையைக் கேட்டு வருகிறார்கள். போன மாதம் தர்மபுரியில் ஒரு வகுப்பு எடுத்தேன். நாற்பது பேர் இருப்பார்கள். காத்திருந்தவர்களை அளந்தால் போதாது, காத்திருக்க முடியாமல் போனவர்களை எண்ணுங்கள், அதிலிருந்துதான் எங்களுக்கு வழி பிறந்தது என்று சொன்னேன். நன்றாகத்தான் சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ் கை தூக்கினார்.

"சார், திரும்பிப் போறவங்களை எழுதி வைக்கணும்னு மொதல்ல யாருக்குத் தோணுச்சு?"

கேட்டுவிட்டு நோட்டில் பேனாவை வைத்துக் காத்திருந்தார். அக்காவின் பெயர் எனக்கு இப்போது தெரியும். பணியாளர்களின் பழைய வருகைப் பதிவேட்டில் தேடிப் பார்த்து வைத்திருக்கிறேன்.

"எங்க டீம்தான்மா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நான் திரையில் அடுத்த படத்துக்குப் போனேன்.